யாருக்கான விமானச் சீட்டு?

2016 மார்ச் மாதம் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில், முலாகோ மருத்துவமனையில் இருந்த கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி பழுதாகி நின்றது. 1995இல் நிறுவிய கருவி. நாட்டிலேயே அது ஒன்றுதான். அண்டை நாடுகளிலிருந்தும் நோயாளிகள் அதை நம்பி வந்துகொண்டிருந்தார்கள். புதுக் கருவி வந்து இயங்கத் தொடங்குவதற்குள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. பணம் இருந்தவர்கள் நைரோபிக்குப் போனார்கள். ஒரு பகுதியினரை அரசு அனுப்பிவைத்தது. மற்றவர்களுக்குப் போக இடமில்லை.

அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் பாரிஸ் நகரில் உலகப் புற்றுநோய் மாநாடு கூடியது. இத்தகைய மாநாடுகளுக்கு ஏழை நாடுகளிலிருந்து வருபவர்களில் பலர் பயண உதவித்தொகை பெற்றுத்தான் வருகிறார்கள். ஒரே கருவியும் ஓய்ந்துபோன நாட்டிலிருந்து ஒருவரை ஐரோப்பாவுக்கு அழைத்துவந்து, விடுதியில் தங்கவைத்து, உரை கேட்கவைப்பதற்குப் பணம் செலவிடுவது அறமா? அந்தப் பணம் நோயாளியின் பணம் அல்லவா? இந்தக் கேள்வியைக் கேட்பவரைக் குறுகிய மனம் படைத்தவர் என்று ஒதுக்கிவிட முடியாது. நேர்மையான கேள்வி இது. நேர்மையாகவே எடை போட வேண்டும்.

உதவித்தொகை என்பது பெரும்பாலும் பதிவுக் கட்டணம், விமானச் சீட்டு, தங்குமிடம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. சில அமைப்புகள் விசாக் கட்டணமும் அன்றாடப் படியும் தருகின்றன. ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு ஒன்றியம் 1933இல் தொடங்கியது. உலகப் புற்றுநோய் மாநாட்டை இரண்டாண்டுக்கு ஒரு முறை நடத்துவது அதுதான். அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கு சிகாகோவில் சுமார் 40,000 பேர் கூடுகிறார்கள். அந்தச் சங்கம் வளரும் நாடுகளின் இளம் மருத்துவர்களை 2002 முதல் தன் செலவில் அழைத்து, மாநாடு முடிந்தபின் ஒரு புற்றுநோய் மையத்தில் சில நாள் கற்கவும் ஏற்பாடு செய்கிறது. ஆப்பிரிக்காவில் 1983இல் உருவான புற்றுநோய் ஆய்வு, பயிற்சி அமைப்பு தன் மாநாட்டை 2017இல் கிகாலியிலும் 2019இல் மபூட்டோவிலும் 2023இல் டக்காரிலும் கூட்டியது.

எதிர்ப்பவர்களின் வாதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் கேட்போம்.

முதலாவது, பணம். உலகில் ஆண்டுக்கு வழங்கப்பட்ட, மார்ஃபினுக்கு இணையான வலி மருந்துகள் 298.5 டன் என்றும், அதில் ஏழ்மை மிகுந்த நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது 0.1 டன் மட்டுமே என்றும் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017இல் கணக்குக் காட்டியது. மார்ஃபின் கரைசல் விலை குறைந்த மருந்து. வலியில் துடிப்பவருக்கு ஒரு புட்டி மருந்து கிடைக்காத இடத்தில், கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் ஒரு பயணத்தின் செலவு சிறிய தொகை ஆகாது.

இரண்டாவது, ஆள். மாவட்டத்துக்கு ஒரே புற்றுநோய் மருத்துவர் இருக்கும் நாடுகள் உண்டு. நாட்டுக்கே விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் இருக்கும் நாடுகளும் உண்டு. அவர் ஒரு வாரம் இல்லையென்றால் அந்த வாரத்துக்குக் குறித்த சிகிச்சை தள்ளிப்போகிறது. வெளிநாட்டு மையத்தைப் பார்த்து வந்தவர் அங்கேயே வேலை தேடிக்கொண்டு போய்விடும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

மூன்றாவது, காற்று. கண்டம் தாண்டிப் போய்வரும் ஒரு விமானப் பயணம் ஒரு பயணியின் கணக்கில் ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயுவைச் சேர்க்கிறது. ஓர் உகாண்டா நாட்டவர் ஓராண்டு முழுவதும் சராசரியாக வெளியிடுவதைப் போல அது பல மடங்கு. வெளிக்காற்று மாசையே புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் சேர்த்திருக்கிறது. நோயைத் தடுக்கக் கூடுகிறவர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது.

இந்த மூன்றும் உண்மை. ஆனால் மூன்றுக்கும் அடியில் சொல்லப்படாத ஓர் எண்ணம் கிடக்கிறது: ஏழை நாட்டிலிருந்து வருபவர் மாநாட்டில் எதையோ வாங்கிக்கொண்டு போகவே வருகிறார், கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை என்பதே அது. அந்த எண்ணம் சரியென்றால் உதவித்தொகை ஒரு தருமம். தருமத்தை மாநாட்டுக்குச் செய்வதைவிட மருந்துக்குச் செய்வதே மேல் என்று அங்கேயே முடித்துவிடலாம். புற்றுநோய்க் கட்டுப்பாட்டின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது.

திண்டுக்கல் மாவட்டத்தின் கிராமங்களில் 2000ஆம் ஆண்டு ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையில் உள்ள சமுதாய நல மையமும் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் மருத்துவர் ஆர். சங்கரநாராயணன் தலைமையில் பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள புற்றுநோய் ஆய்வு முகமையும் இணைந்து அதை நடத்தின. கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்ப்பதுதான் முறை. ஆய்வுக்கூடம் வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம். பரிசோதனை செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது: கருப்பை வாய்ப் புற்றுநோய் உண்டாவது 25 விழுக்காடும், அதனால் நேரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை இதே முறையில் நடத்திய ஆய்வு இதைவிடப் பெரியது. சுமார் 1,50,000 பெண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். பரிசோதனை செய்தவர்கள் பத்தாம் வகுப்பு படித்த, சில வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். மரணம் 31 விழுக்காடு குறைந்தது என்ற முடிவை மருத்துவர் சுரேந்திர சாஸ்திரி 2013 ஜூன் மாதம் சிகாகோவில், அந்த 40,000 பேர் கூடும் மாநாட்டின் முதன்மை அமர்வில் அறிவித்தார். இந்த முறை பரவினால் இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 22,000 மரணங்களைத் தவிர்க்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

2022இல் அதே சிகாகோ மாநாட்டில் மும்பை மருத்துவர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு நிவோலுமாப் என்ற விலையுயர்ந்த மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்தே, ஓராண்டு உயிரோடு இருப்பவர்களின் விகிதத்தை 16 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காட்டுக்கு உயர்த்த முடிந்தது. மருந்தின் விலை எட்டாத நாட்டில்தான் அளவைக் குறைத்துப் பார்க்கும் தேவை எழுந்தது. அந்தத் தேவை எழாத நாடுகளும் இப்போது அந்த விடையிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

உகாண்டாவின் கதையையும் முழுதாகச் சொல்லியாக வேண்டும். கதிர்வீச்சுக் கருவி ஒன்றே ஒன்று இருந்த அந்த நாடு, வலி தணிக்கும் சிகிச்சையில் ஆப்பிரிக்காவுக்கே வழிகாட்டியது. மருத்துவர் ஆன் மெரிமன் 1993இல் அங்கே தொடங்கிய அமைப்பு, குடிக்கக்கூடிய மார்ஃபின் கரைசலைக் குறைந்த செலவில் வீடுகளுக்குக் கொண்டுபோனது. தனிப் பயிற்சி பெற்ற செவிலியர்களே மார்ஃபின் எழுதித்தரலாம் என்று 2004இல் அந்நாட்டுச் சட்டம் மாற்றப்பட்டது. மருத்துவர் பற்றாக்குறை உள்ள எந்த நாடும் உகாண்டாவின் செவிலியரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டிய பாடம் இது.

ஆகவே உதவித்தொகையைத் தருமமாகப் பார்ப்பதே பிழை. வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்து வைத்தாலும் தனித்தனி அதிகாரங்களாகவே வைத்தார். இல்லாதவருக்கு இரங்கிக் கொடுப்பது ஒன்று. சமூகத்தில் தான் பெற்றதை உணர்ந்து செய்யும் கடமை இன்னொன்று. பயண உதவித்தொகை இரண்டாவது வகை. மாநாட்டில் பேசப்படும் அறிவின் ஒரு பகுதி ஏழைப் பெண்களின் உடலிலிருந்து வந்தது. இந்திய ஆய்வுகளில் ஒப்பீட்டுக்காகப் பரிசோதனை செய்யப்படாத பெண்கள் குழுவும் இருந்தது. அது சரியா என்று பின்னர் கடுமையான விவாதம் எழுந்தது. அந்தப் பெண்கள் கொடுத்த விலையால் கிடைத்த தெளிவு பன்னாட்டு அரங்கில் பேசப்படும்போது, அவர்களின் ஊரிலிருந்து ஒருவர் அங்கே இல்லையென்றால், சமைத்தவருக்குப் பந்தியில் இலை போடாத வீடாகிவிடும் அந்த அரங்கு.

நோயின் சுமை எங்கே இருக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். 2022இல் உலகில் 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 97 லட்சம் பேர் இறந்தார்கள். வளர்ச்சியில் உச்சத்தில் உள்ள நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. 71 பேரில் ஒருவர் அதனால் இறக்கிறார். வளர்ச்சி குன்றிய நாடுகளில் கண்டறியப்படுவது 27 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் இறப்பது 48 பேரில் ஒருவர். கருப்பை வாய்ப் புற்றுநோயால் அந்த ஆண்டு இறந்த சுமார் 3,50,000 பெண்களில் 94 விழுக்காட்டினர் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். இவர்களைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் இவர்களின் செவிலியர் ஒருவரும் இல்லை என்பதை எந்தச் சிக்கனத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

இங்கேதான் உதவித்தொகை வழங்குவோரின் பொறுப்பு தொடங்குகிறது. செல்லத்தக்கவர் யார்?

நடைமுறையில் தேர்வுக்குழுவின் முன் வருவது ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுச் சுருக்கமும் பரிந்துரைக் கடிதமும். நல்ல ஆங்கிலம், தலைநகரின் பெரிய மருத்துவமனை, வெளிநாட்டுத் தொடர்புள்ள பேராசிரியர் ஆகிய மூன்றும் வாய்த்தவருக்கே இவை கைகூடுகின்றன. ஏழை நாட்டின் வசதியானவர்கள் ஒரே மாநாட்டுக்கு மீண்டும் மீண்டும் வருவதும், மாவட்ட மருத்துவமனையின் செவிலியர் ஒரு முறைகூட வராததும் இப்படித்தான் நேர்கிறது. திறமைக்குப் பரிசு என்று உதவித்தொகையைக் கருதினால் இதில் தவறில்லை. அரங்கின் குறையை நிரப்பும் கடமை என்று கருதினால் இது பெரிய தவறு.

புற்றுநோய்ப் பதிவேட்டில் பணிபுரிபவரை எடுத்துக்கொள்வோம். சென்னையிலும் பெங்களூரிலும் 1982 முதல் இயங்கும் பதிவேடுகள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திட்டத்தின் கீழ் வந்தவை. மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு நோயாளியின் வயது, ஊர், நோயின் இடம், நிலை ஆகியவற்றைக் கோப்பிலிருந்து எடுத்து எழுதுபவர்கள் அங்கே இருக்கிறார்கள். மாநாட்டு மேடையில் ஒளிரும் ஒவ்வொரு புள்ளிவிவரத்துக்கும் கீழே இத்தகையோரின் உழைப்பு இருக்கிறது. எந்த வார்டில் கோப்பு காணாமல் போகிறது, எந்தக் கிராமத்தில் நோய் கணக்கில் ஏறாமலே ஒருவர் இறந்துபோகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் ஓர் அமர்வில் பேசினால் பல பேராசிரியர்களின் கணக்கு திருந்தும்.

நோயிலிருந்து மீண்டவர்களும் அப்படித்தான். அமெரிக்காவில் தேசிய மார்பகப் புற்றுநோய்க் கூட்டமைப்பு 1995 முதல் நோயாளிகளுக்கும் மீண்டவர்களுக்கும் அறிவியல் பயிற்சி தந்து, ஆய்வுகளை அவர்களே கேள்வி கேட்கும் நிலைக்குக் கொண்டுவந்தது. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஆண்டுதோறும் நடக்கும் மார்பகப் புற்றுநோய் மாநாட்டுக்கு இத்தகையோரை வரவழைப்பதற்கென்றே அங்குள்ள அறக்கட்டளை ஒன்று உதவித்தொகை தருகிறது. மருத்துவப் பட்டம் இல்லாதவருக்கு மாநாட்டில் என்ன வேலை என்ற கேள்விக்கு அந்த அனுபவம் விடை சொல்லிவிட்டது.

அடுத்தது, பணம் எங்கிருந்து வருகிறது என்பது. மருந்து நிறுவனம் வாங்கித்தந்த விமானச் சீட்டில் போனவர், திரும்பி வந்து அந்த நிறுவனத்தின் மருந்தை எழுதும்போது, அவர் மனச்சாட்சி எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் நோயாளிக்கு ஐயம் எழுவது இயல்பு. மருந்து நிறுவனங்களிடமிருந்து பயண வசதி பெறக் கூடாது என்று இந்திய மருத்துவக் குழு 2009 டிசம்பரில் மருத்துவர்களுக்கு விதி வகுத்தது. 2024 மார்ச் மாதம் வெளியான மருந்து விற்பனை நடத்தை விதிகள், பேச்சாளர் அல்லாத மருத்துவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ மாநாட்டுப் பயணச் செலவை நிறுவனங்கள் ஏற்கக் கூடாது என்கின்றன. ஐரோப்பாவில் மருத்துவக் கருவி நிறுவனங்களின் கூட்டமைப்பு, பிறர் நடத்தும் மாநாடுகளுக்குத் தனித்தனி மருத்துவர்களை நேரடியாக அனுப்புவதை 2018 தொடக்கத்தோடு நிறுத்தியது.

இந்தத் தடைகள் சரியானவை. ஆனால் ஒரு கதவை அடைத்தால் இன்னொன்றைத் திறக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தரும் பயண உதவி, ஆய்வுக்கட்டுரை படிக்க அழைப்பு பெற்ற விஞ்ஞானிகளுக்கானது. அரசு மருத்துவமனைச் செவிலியருக்கோ பதிவேட்டுப் பணியாளருக்கோ அது எட்டாது. நிறுவனப் பணத்தை விலக்கிவிட்டுப் பொதுப்பணத்தையும் ஒதுக்காவிட்டால், சொந்தப் பணத்தில் போகக் கூடியவர் மட்டுமே போவார்.

நேர்மையான ஊற்று ஒன்று மாநாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பெரிய மாநாடுகளுக்குப் பதிவுக் கட்டணத்தாலும் கண்காட்சி அரங்கின் வாடகையாலும் வருவாய் வருகிறது. அதில் ஒரு குறிப்பிட்ட பங்கை உதவித்தொகைக்கென்று முன்கூட்டியே ஒதுக்கிவிடலாம். கண்காட்சி வாடகையிலும் மருந்து நிறுவனப் பணம் கலந்திருக்கிறது என்பது மெய்தான். ஆயினும் அது பொதுநிதியில் கரைந்து, யார் போகிறார் என்பதில் நிறுவனத்துக்குக் குரல் இல்லாமல், உதவித்தொகையில் அதன் பெயரும் ஒட்டாமல் இருந்தால் கறை பெருமளவு நீங்கும். நோயாளியின் மருந்துக்கும் செவிலியரின் பயணத்துக்கும் இடையில் போட்டி எழுவதற்கே இதில் இடமில்லை. கம்பாலாவின் கருவிக்கு வைத்த பணத்தில் ஒருவரும் பறக்கக் கூடாது. மாநாட்டை நடத்துபவர்களின் கணக்கிலிருந்து பறக்கலாம்.

பணம் கிடைத்தாலும் எல்லைக்காவல் விடுவதில்லை. 2022 ஜூலை இறுதியில் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் பன்னாட்டு எய்ட்ஸ் மாநாடு நடந்தபோது, உதவித்தொகை பெற்றவர்கள் உட்பட ஆப்பிரிக்க, ஆசிய நாட்டவர் பலருக்கு விசா மறுக்கப்பட்டது, அல்லது உரிய காலத்தில் கிடைக்கவில்லை. ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் தலைவரான உகாண்டா நாட்டவர் வின்னி பியானிமாவையே ஜெனீவா விமான நிலையத்தில் ஏற்ற மறுக்கும் அளவுக்கு அலைக்கழித்தார்கள். அவருக்கே அந்த நிலை என்றால் மாவட்டச் செவிலியரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த எய்ட்ஸ் இயக்கமே இதற்கு ஒரு முன்மாதிரியையும் வைத்திருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் நுழைய அமெரிக்கா விதித்திருந்த தடையை எதிர்த்து, 1990 சான்பிரான்சிஸ்கோ மாநாட்டைப் பல அமைப்புகள் புறக்கணித்தன. 1992இல் பாஸ்டனில் நடக்கவிருந்த மாநாடு ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றப்பட்டது. தடை 2010இல் நீங்கியபின், 2012இல்தான் மாநாடு மீண்டும் அமெரிக்க மண்ணில் கூடியது. நோயோடு வாழ்பவர் வர முடியாத ஊரில் நோயைப் பற்றிப் பேச மாட்டோம் என்ற உறுதி அது. உலகப் புற்றுநோய் மாநாடு 2018இல் கோலாலம்பூரில் நடந்தது. 2020இல் மஸ்கட்டில் நடக்கவேண்டியது பெருந்தொற்றால் கைவிடப்பட்டது. பிறகு 2022, 2024 இரண்டு முறையும் ஜெனீவாதான். எளிதில் விசா தரும், விடுதி வாடகை குறைந்த ஊர்களில் அடிக்கடி கூடினால் உதவித்தொகையின் தேவையே பாதியாகும்; விமானப் புகையும் குறையும்.

இணையவழி மாநாடு இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடாதா? 2020இல் பெருமாநாடுகள் பல திரைக்கு மாறின. உரைகளைக் கேட்பதற்கு அது நல்ல வழி. ஆனால் உரைக்குப் பின் வாசலில் நின்று பேசும்போதுதான் கூட்டாய்வுகள் முளைக்கின்றன, பழைய கருவி கைமாறுகிறது, பயிற்சிக்கு இடம் கிடைக்கிறது. பணக்கார நாட்டவர் நேரில் கூடிப் பேச, ஏழை நாட்டவர் மட்டும் திரையில் பார்ப்பதென்றால் பழைய ஏற்றத்தாழ்வு புது உடை போட்டு வருகிறது என்றே பொருள். திரையே போதும் என்றால் எல்லோருக்கும் போதும் என்று இருக்க வேண்டும்.

உதவித்தொகை பெற்றவருக்கும் கடமை உண்டு. ஆளில்லாத வார்டை விட்டு வந்தவர் அவர். கேட்டதைத் தன் மொழியில் தன் சக பணியாளர்களுக்கு விளக்குவதும், அரங்கில் தன் ஊரின் உண்மையைக் கூச்சமின்றிச் சொல்வதும், அடுத்த முறை இன்னொருவருக்கு வழிவிடுவதும் அவர் கொடுக்க வேண்டிய கணக்கு. புகைப்படமும் சான்றிதழும் அந்தக் கணக்கில் சேரா.

எல்லாவற்றையும் தட்டில் வைத்துப் பார்த்தால் தீர்ப்பு இதுதான்: பயண உதவித்தொகை அறமே. ஆனால் சிகிச்சை நிதியிலிருந்து எடுக்காதவரை, நிறுவனத்தின் கயிறு கட்டப்படாதவரை, அரங்கில் இல்லாத அறிவைக் கொண்டுவருபவருக்கு முதலில் தரப்படும்வரைதான் அது அறம்.

தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் அடுத்த மாநாட்டுக்கே சிலவற்றைச் செய்யலாம். உதவித்தொகைகளில் ஒரு பங்கைச் செவிலியர், பதிவேட்டுப் பணியாளர், நோயிலிருந்து மீண்டவர் ஆகியோருக்கென்று தனியாக வையுங்கள். விண்ணப்பத்தை அவரவர் மொழியில் வாங்குங்கள். மொழிபெயர்க்கும் செலவு உங்களுடையதாக இருக்கட்டும். முதலில் கைப்பணம் போடு, பிறகு திருப்பித் தருகிறோம் என்று மாதச் சம்பளக்காரரிடம் சொல்லாதீர்கள். சீட்டையும் விடுதியையும் நீங்களே எடுத்துக்கொடுங்கள். மருத்துவமனை நிர்வாகிகள் அந்த ஒரு வாரத்துக்கு மாற்று ஆளை ஏற்பாடு செய்து, சம்பளத்தோடு விடுப்பு கொடுத்து அனுப்புங்கள்.